ஒளியையும் அமுக்கலாம்! ஆனால் கையில் எடுத்துப் போக முடியுமா?

லேசர் ஒளி பார்க்கச் சீராகத் தெரியும். உண்மையில் அதன் போட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், ஒரே இடைவெளியில் வருவதில்லை. தகரக் கூரையில் விழும் மழைத்துளி மாதிரி முன்னே பின்னே வந்து விழும். எவ்வளவு காஸ்ட்லி லேசர் வாங்கினாலும் இந்த இரைச்சல் போகாது. குவாண்டம் விதி அப்படி.

போகாது, சரி. ஓரம் தள்ளலாம் இல்லையா? பால் பாக்கெட்டை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். அதேபோல, நாம் அளக்கப்போகும் பக்கத்தில் இரைச்சலைக் குறைத்து, அளக்காத பக்கம் தள்ளிவிட்டால் கிடைப்பதுதான் 'ஸ்குவீஸ்டு லைட்'. அமுக்கிய ஒளி எனலாம். 1985-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதன்முதலில் செய்து காட்டினார்கள்.

இதனால் என்ன லாபம்? ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் அமெரிக்காவின் லைகோ 2019-ல் இதைப் பயன்படுத்தத் தொடங்கியதும், அலைகள் சிக்கும் வாய்ப்பு 40 முதல் 50 சதவீதம் கூடியது. 2021-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு இதை மைக்ராஸ்கோப்பில் புகுத்தி, இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னலை 35 சதவீதம் உயர்த்தியது. லேசர் பவரைக் கூட்டியும் உயர்த்தலாம்தான். ஆனால் உயிருள்ள செல் வெந்துவிடும்.

அப்படியானால் ஏன் எல்லா ஆய்வகத்திலும் இது இல்லை? கருவியைப் பார்த்தால் புரியும். பச்சை லேசரை ஒரு படிகத்துக்குள் அனுப்பி, ஒரு பச்சைப் போட்டானை இரண்டு அகச்சிவப்புப் போட்டான்களாகப் பிரிக்கிறார்கள். படிகம், கண்ணாடிகள், லென்ஸ்கள், வெப்பநிலைக் கட்டுப்பாடு என்று ஒரு பெரிய மேஜையே நிரம்பிவிடும். ஒரு கண்ணாடி இம்மி நகர்ந்தாலும் எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் ஒரு சிப்பில் அடக்கிவிடலாமே? அங்கேதான் வில்லன் வருகிறான்: ஒளி இழப்பு. வழியில் தொலையும் ஒவ்வொரு போட்டானுக்கும் பதிலாகப் பழைய இரைச்சல் உள்ளே நுழைந்துவிடும். 10 சதவீத ஒளி தொலைந்தால், எவ்வளவு அமுக்கினாலும் இரைச்சலைப் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறக்க முடியாது. பாதி தொலைந்தால் பாதியோடு நிற்கும். 2016-ல் ஜெர்மனியின் ஹனோவரில் இரைச்சலை ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காக்கினார்கள். ஆனால் மேஜை மேல். சிப்பில் உருவாகும் ஒளியோ ஃபைபருக்குள் தாவும் இடத்திலேயே கணிசமாகச் சிந்திவிடுகிறது.

2022-ல் அமெரிக்காவின் கால்டெக் குழு இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி பிடித்தது. லித்தியம் நையோபேட் சிப்பில் ஒளியை அமுக்கி, வெளியே விடும் முன்பே அதே சிப்பில் பெருக்கிவிட்டார்கள். பெருக்கிய பிறகு கொஞ்சம் சிந்தினாலும் அளவீடு கெடாது. இரைச்சல் சுமார் மூன்றில் ஒரு பங்கானது. சிப்புக்கு ஒளி ஊட்டும் லேசர் மட்டும் அப்போதும் வெளியேதான் இருந்தது.