படித்தவர் ஒரு வரி எழுதலாகாதா?

சென்ற மாதம் நம் சங்க அலுவலகத்தின் பழைய அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, சந்தா இரசீதுகளுக்கு இடையே ஓர் அஞ்சலட்டை அகப்பட்டது. 2018 நவம்பரில் எழுதப்பட்டது. இரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் அனுப்பியது. பூங்குழலி மறுபடியும் கோடிக்கரைக் கடலைக் காண்பாளா என்று அதில் கேட்டிருந்தார். கண்பார்வை குன்றிய தம் மனைவிக்கு ஏழாம் பகுதியை இருமுறை உரக்கப் படித்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தார். அட்டையின் மூலையில், 'இடமின்மையால் அடுத்த இதழில்' என்று நம் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு. அடுத்த இதழிலும் அது வரவில்லை. அதற்கடுத்த இதழிலும் வரவில்லை.

நேயர்களுக்கு நினைவிருக்கலாம். நம் சங்கத்து அம்மையார் ஒருவர் 2018 மே முதல் 11 மாதங்கள் இவ்விதழில் ஒரு தொடர்கதை எழுதினார். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் படகு வலித்துத் திரியும் பூங்குழலி, முடிவில் சேந்தன் அமுதனை மணந்து சோழநாட்டு அரசியாகிறாள் அல்லவா? அலையோசையில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு அரண்மனைச் சுவர்களுக்குள் உறக்கம் எப்படி வந்தது என்பதே அம்மையார் எழுதிய கதை. ஊரையும் ஆற்றையும் விட்டுவந்து நான்காம் மாடியில் குடித்தனம் செய்யும் நம் மகளிருக்கு அது யாருடைய கதை என்று எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

பன்னிரண்டாம் மாதம் கதை வரவில்லை. கேட்டதற்கு, "யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. உங்களுக்கு ஏன் வீண் அச்சுச் செலவு?" என்றார். கதை நின்ற பிறகுதான் மூன்று வீடுகளிலிருந்து, "ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்று நம்மைக் கேட்டார்கள். கோபத்தோடுதான் கேட்டார்கள்!

ஒரு கதையில் உள்ளம் பறிகொடுத்து, அதன் மாந்தரைக் கொண்டே மேலும் கதை புனைவோரும் ஓவியம் வரைவோரும் எல்லா நாட்டிலும் உண்டு. தமிழிலும் இது புதிதன்று. 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டுக்கு மேல் 'கல்கி' இதழில் வெளிவந்தது. மணியத்தின் ஓவியங்களோடு வாரந்தோறும் வெட்டித் தைத்துப் பாதுகாத்த குடும்பங்கள் பல. அது நிறைவுற்றபோது, மாந்தர் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று வாசகர் கேட்ட கேள்விகளுக்கு விடையாக ஆசிரியர் ஒரு முடிவுரையே எழுத நேர்ந்தது. பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்னும் நாவலை அக்கதையின் தொடர்ச்சியாகவே படைத்தார். அவர் பெயர் பெற்ற எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர். நாம் இங்கே பேசுவது கூலியும் புகழும் இன்றி, ஆசை ஒன்றினாலேயே எழுதுவோரைப் பற்றி. இவர்களுக்குப் படிப்பவர் ஏதேனும் கடன்பட்டவரா?

"யார் இவர்களை எழுதச் சொன்னார்கள்?" என்று நம் செயற்குழுவிலேயே ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கேளாமல் கொடுத்த பொருளுக்கு விலை கேட்டு வாயிலில் வந்து நிற்பது முறையன்று. "ஐந்து கடிதமேனும் வந்தால்தான் அடுத்த பகுதி" என்று நிபந்தனை விதிப்போரும் உண்டு. அவர்கள் பரிசிலைக் கடைச்சரக்காக்குகிறார்கள் என்பதே நம் கருத்து. மேலும், மௌனமெல்லாம் அலட்சியமாகிவிடாது. வேலையிலிருந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பி, படுக்குமுன் இரண்டு பக்கம் படிப்பவர் பேனாவைத் தேட மாட்டார். நம் பிள்ளைகளுக்கோ வேறொரு தடை. தமிழைப் பள்ளியில் கற்காமல் வீட்டில் எழுத்துக்கூட்டிப் பழகியவர்கள், பிழை நேருமோ என்று ஒரு வரி எழுதவும் கூசுகிறார்கள். (பிழையோடு வரட்டும், 'ர'கரமும் 'ற'கரமும் மாறினால் நம் சங்கம் கவிழ்ந்துவிடாது.)

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. நூல் விற்று வாழும் எழுத்தாளருக்கு விற்பனைக் கணக்கே வாசகரின் மறுமொழியாகிறது. ஒருவரும் கடிதம் எழுதாவிட்டாலும், மூன்றாம் பதிப்பு வந்ததென்றால் படிக்கிறார்கள் என்று அவர் அறிவார். பிறர் படைத்த மாந்தரைக் கொண்டு ஆசைக்கு எழுதுபவருக்கு அந்தக் கணக்கு இல்லை. இரவலாகக் கொண்ட மாந்தரை வைத்துக் காசு சேர்ப்பது பெரும்பாலும் இயலாது; அவரும் அதை விரும்புவதில்லை. படித்தவர் வாய்திறந்தால் அன்றித் தம் எழுத்து எங்கேனும் போய்ச் சேர்ந்ததா என்று அறிய அவருக்கு வேறு வழியே கிடையாது.

அமெரிக்க நாட்டு விஞ்ஞானக் கதை ஆர்வலர்கள் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். 1930ஆம் ஆண்டு முதலே அவர்கள் தங்களுக்குள் சிற்றிதழ்கள் நடத்தினர். பல, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி எடுத்தவை. அவற்றுள் பலவற்றில் ஒரு வழக்கம் நிலவியது: இதழைப் படித்துக் கருத்துக் கடிதம் எழுதியவருக்கு அடுத்த இதழ் இலவசம்! காசு அனுப்புவதைவிடக் கடிதம் அனுப்புவதையே மேலாக மதித்த ஆசிரியர்கள் பலர். 1937இல் அவர்கள் ஓர் அமைப்பையே நிறுவினர். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஏட்டை அச்சிட்டு அனுப்ப, அனைத்தும் ஒரே கட்டாகச் சேர்ந்து எல்லோருக்கும் போகும். அடுத்த கட்டில் ஒருவர் ஏட்டைப் பற்றி மற்றவர் எழுதுவர். 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் ஈடுபட்டவர்கள் 1967இல் 'ஸ்பாக்கனேலியா' என்ற இதழைத் தொடங்கியபோது, கைகொடுக்க இந்த மரபு ஆயத்தமாக இருந்தது.

இன்னொரு நிகழ்ச்சி நமக்கு மிகவும் பிடித்தது. 1911இல் ஆக்ஸ்போர்டில் ரொனால்டு நாக்ஸ் என்னும் இளைஞர், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பழம்பெரும் சமய நூல்களை ஆராய்வதுபோல் ஆராய்ந்து, வேடிக்கையாக ஒரு கட்டுரை படித்தார். கதைகளுக்கிடையே உள்ள முரண்பாடுகளையெல்லாம் துருவி எடுத்திருந்தார். அது கதாசிரியர் கானன் டாயிலின் கைக்கே எட்டியது. அவர் சினந்திருக்கலாம், பேசாமலும் இருந்திருக்கலாம். மாறாக 1912இல் நாக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் கதைகளின்மேல் ஒருவர் இத்தனை பாடுபட்டாரே என்று வியந்து, கட்டுரையில் கண்ட சிலவற்றுக்கு விளக்கமும் தந்தார். 'அருமை' என்ற ஒற்றைச் சொல்லோடு அவர் நிறுத்தியிருந்தால் நாக்ஸுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?

கையெழுத்துப் பத்திரிகை நடத்திய பழக்கம் நமக்கும் உண்டு. ஒரே படிதான், வீடு வீடாகச் சுற்றிவரும், கடைசியில் வாசகர் கருத்துக்கென நான்கு வெற்றுத்தாள் தைத்திருப்போம். திரும்பி வந்ததும் கதையைப் பார்ப்பதில்லை, அந்தத் தாள்களைத்தான் முதலில் புரட்டுவோம். 'நன்று', 'தொடர்க' என்பவை கண்ணில் பட்டு மறைந்துவிடும். ஒரு தமிழாசிரியர் ஒற்றுப்பிழைகளை மட்டும் எண்ணி 37 என்று குறித்திருந்தார். கதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு பாட்டியோ, கதையில் வரும் மருமகள் சாம்பாரில் புளியை எப்போது கரைத்தாள் என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தார். அதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது. அவர் கதைக்குள் போய் அடுப்பருகே நின்று பார்த்திருக்கிறார்!

அஞ்சலட்டையை எடுத்துக்கொண்டு அம்மையார் வீட்டுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் அட்டையை வாங்கி இருபுறமும் பார்த்தார். அஞ்சல் முத்திரையின் தேதியையும் பார்த்தார். "ஏழாம் பகுதியா? அதில் அவள் அழுவதுகூட இல்லையே" என்றார். பிறகு, "இவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா?" என்று கேட்டார். குடியிருப்பில் விசாரித்தோம். ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். முகவரி எவரிடமும் இல்லை.

பன்னிரண்டாம் பகுதி வருமா என்று நாம் கேட்கவில்லை; கேட்கும் தகுதி நமக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. வரும் இதழிலிருந்து ஒரு பக்கம் வாசகர் கடிதங்களுக்கென ஒதுக்கப்படும். சந்தா அறிவிப்புக்காக அந்தப் பக்கம் குறைக்கப்படமாட்டாது. எந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். அச்சில் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு கடிதமும் அந்த வாரத்திலேயே எழுதியவர் கையில் சேர்க்கப்படும்.