குடத்தில் வளையும் தெரு

எவர்சில்வர் குடத்தில் முகம் பார்த்தால் நீட்டிய கை பெருக்கும், சுவர் வளையும். சுமார் 1524இல் இத்தாலிய ஓவியர் பார்மிஜானினோ குவிகண்ணாடியில் கண்ட தன் உருவத்தை, பெருத்த கையோடு அப்படியே தீட்டினார். அதற்காகப் பலகையையும் குவிவாகக் கடைந்து வாங்கினார். கடைந்தவர் பெயர்தான் நமக்குக் கிடைக்கவில்லை!

மாணவர்களே, காம்பஸ் போதும். ஒரு வட்டம் போடுங்கள். நடுவில் ஒரு புள்ளி, விளிம்பில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு. எதிரே நீண்டு ஓடும் தெரு நடுப்புள்ளிக்கு நேர்கோடாகப் போகும். நிற்கும் கம்பம் மேல், கீழ்ப் புள்ளிகளைத் தொட்டு வில்லாக வளையும். குறுக்கே கிடக்கும் திண்ணை இட, வலப் புள்ளிகளைத் தொடும். முதலில் வில் கோணும். போடப் போட வந்துவிடும்.

வழக்கமான ஒற்றைப்புள்ளிப் படத்தில் பக்கங்களை விரித்தால் உருவங்கள் இழுபடும். அதனால் ஓரத்தை வெட்டிவிடுகிறோம். வட்டத்தில் வெட்ட வேண்டாம். ஊர் நடுவில் நின்று வரைந்தாலும் கோடியிலுள்ள காலனி வளைந்தபடி உள்ளே வரும்.