வளைந்த பாதம் நேராகும்!

குழந்தை பிறந்த வீடு. எல்லோருக்கும் சந்தோஷம். குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்த பாட்டி திடுக்கிடுகிறாள். ஒரு பாதம் உள்பக்கமாகத் திரும்பி வளைந்திருக்கிறது. குதிகால் மேலே தூக்கிக்கொண்டு இருக்கிறது.

"கிரகணத்தன்று வெளியே போனாயா?" என்று தாயைக் கேட்கிறார்கள். அவள் கண்ணீர் வடிக்கிறாள்.

அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. வயிற்றில் வளரும்போதே பாதத்தின் தசைநார்கள் இறுகிவிடுவதால் இப்படி ஆகிறது. சுமார் 1,000 குழந்தைகளில் ஒரு குழந்தை வளைபாதத்துடன் பிறக்கிறது. ஆண் குழந்தைகளுக்கே இது அதிகம்.

எண்ணெய் தேய்த்து நீவினால் இது சரியாகாது. அப்படியே விட்டுவிட்டால், குழந்தை பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடக்கும். அந்த இடம் காய்த்துப் புண்ணாகும். செருப்புப் போட முடியாது.

கடிகாரக்காரர் மகன்

இதற்கு நல்ல வழி கண்டவர் டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயின் நாட்டில் 1914-ல் பிறந்தவர். தந்தை கடிகாரம் பழுது பார்ப்பவர். உள்நாட்டுப் போரில் காயம் அடைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த பொன்செட்டி, பின்னர் நாட்டை விட்டு வெளியேறி, 1941-ல் அமெரிக்காவின் அயோவா நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

குழந்தையாக இருந்தபோது பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களை அவர் அங்கே பரிசோதித்தார். வளர்ந்த பிறகு அவர்கள் பாதம் விறைத்து, வலி எடுத்தது. "கத்தி வேண்டாம், கையே போதும்" என்ற வழியில் அவர் இறங்கினார். 1963-ல் தம் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். பல வருஷங்கள் யாரும் அதை லட்சியம் செய்யவில்லை. இன்று உலகெங்கும் அதுதான் முதல் சிகிச்சை. 2009-ல், 95-வது வயதில் அவர் காலமானார்.

வாரம் ஒரு கட்டு

பச்சைக் குழந்தையின் தசைநார்கள் இளகியவை. டாக்டர் பாதத்தை மெல்லப் பிடித்துத் திருப்புவார். திரும்பிய நிலையில், கால்விரலிலிருந்து தொடை வரை மாவுக்கட்டு போடுவார். அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் திருப்பி மறு கட்டு. பெரும்பாலும் ஐந்து, ஆறு கட்டுகளில் பாதம் திரும்பிவிடும்.

குதிகால் மட்டும் இறங்காமல் இருந்தால், மரத்துப்போக மருந்து கொடுத்து, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரைச் சிறிதாக வெட்டிவிடுவார்கள். மூன்று வாரக் கட்டில் அது நீண்டு வளர்ந்து கூடிவிடும்.

கட்டு நனையக் கூடாது. கால்விரல்கள் நீலமானாலோ, வீங்கினாலோ, கட்டுக்குள் மறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஏமாறும் இடம்

கட்டுப் பிரித்ததும் பாதம் நேராக இருக்கும். "சரியாகிவிட்டது" என்று பலர் நின்றுவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து! பாதம் மறுபடியும் வளையப் பார்க்கும்.

அதற்காகவே ஒரு கம்பியில் பொருத்திய இரண்டு பூட்ஸ்கள் தருகிறார்கள். முதல் மூன்று மாதம் தினம் 23 மணி நேரம் போட வேண்டும். பிறகு தூங்கும்போது மட்டும். ஆனால் நாலைந்து வயது வரை விடக் கூடாது. முதலில் குழந்தை அழும். இரண்டொரு நாளில் பழகிவிடும். பாவம் பார்த்துக் கழற்றினால், பட்ட பாடெல்லாம் வீண்.

பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்குவது மிக நல்லது. இந்தியாவில் 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளைபாதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

டாக்டரின் வேலை சில வாரம். தாய் தகப்பன் வேலை நாலு வருஷம். அதைச் செய்து முடித்தால், அந்தக் குழந்தையும் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடும்!