கணுவும் இணைப்பும்

புகையிரதப் பாதைப் படமொன்றை உற்று நோக்குவோர் அதில் இரண்டே பொருள்களைக் காண்பர். ஒன்று, நிலையத்தைக் குறிக்கும் புள்ளி. மற்றையது, நிலையத்தோடு நிலையத்தைச் சேர்க்கும் கோடு. கணித நூலார் முன்னதைக் கணு என்றும் பின்னதை இணைப்பு என்றும் கொண்டு, இரண்டும் கூடிய அமைப்பை வரைபு என்பர். பாடசாலையில் இரு அச்சுகளுக்கிடையே மாணவர் வரையும் வரைபு வேறு. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. கோனிக்ஸ்பேர்க் நகரத்து ஏழு பாலங்களைப் பற்றி 18ஆம் நூற்றாண்டில் ஒயிலர் என்னும் கணித மேதை ஆராய்ந்ததிலிருந்து தோன்றிய துறை இது.

இத்தகைய வரைபைக் கணினிக்குச் சொல்லக் கோடு கீற வேண்டுவதில்லை, எழுத்தாலேயே சொல்லலாம். அமெரிக்காவிலே பெல் ஆய்வுகூடத்தில் 1990களின் தொடக்கத்தில் உருப்பெற்ற கிராப்விஸ் என்னும் மென்பொருட்டொகுதி, டாட் என்னும் எளிய மொழியில் எழுதிய கோப்பை வாசித்துப் படமாக்கித் தருகின்றது. இலங்கைப் புகையிரதப் பாதைகளை அம்மொழியில் எழுதுவதாயின், பொல்காவலை, குருநாகல், மாகோ, அனுராதபுரம் எனப் பெயர்களை எழுதி, இடையிடையே இரு சிறு கோடுகளை இட்டாற் போதும். இணைப்பு எப்பொழுது திறந்தது, எப்பொழுது மூடியது என்பன போன்ற பண்புகளையும் அருகே சதுர அடைப்புக்குள் குறிக்கலாம்.

கோப்புப் பெரிதாயின் முழுப் படமும் கண்ணுக்குப் புலப்படாத சிக்கலாகிவிடும். அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டிய தேவை இங்கேதான் எழுகின்றது. மாகோ என்ற சொல் வரும் வரிகளைப் பொறுக்கினால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். அது பிழை. மேலே கூறிய நான்கு நிலையங்களும் ஒரே வரியில் வரலாம். அவ்வொரு வரியில் அடங்குவன மூன்று இணைப்புகள். வேண்டியது ஒன்றாக இருக்க, வந்து சேர்வன மூன்று. அன்றியும், கோப்பின் தலைப்பில் ஒருமுறை கூறிய பண்பு கீழுள்ள இணைப்புகள் அனைத்துக்கும் உரியதாகும். வரியைத் தனியே பிடுங்கினால் அப்பண்பு பின்தங்கிவிடும். ஆகவே கோப்பை எழுத்தாக அன்றி வரைபாக வாசிக்கும் கருவி ஒன்று வேண்டும். கிராப்விஸ் தொகுதியிலுள்ள ஜிவிபிஆர் அத்தகையது. 'என்' என்னும் ஆங்கில எழுத்தை இட்டு அடைப்புக்குள் நிபந்தனை கூறினால் கணுக்களையும், 'ஈ' என்னும் எழுத்தை இட்டுக் கூறினால் இணைப்புகளையும் அது தேர்ந்து தரும்.

எதைத் தேர்வது என்பதிலேயே சூட்சுமம் உண்டு. 1905இல் காங்கேசன்துறை வரை நிறைவெய்திய வடபாதையில், யாழ்ப்பாணத்துக்கான சேவை 1990இல் நின்றது. 2014 ஒக்டோபரிலேயே புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2000ஆம் ஆண்டின் நிலையைக் காட்டும் படம் வேண்டுமென வைத்துக்கொள்வோம். அவ்வாண்டில் இயங்கிய இணைப்புகளை மட்டும் கேட்டால், கருவி அவற்றையும் அவற்றின் இரு முனைகளிலுள்ள நிலையங்களையும் தரும். கிளிநொச்சி, கொடிகாமம், யாழ்ப்பாணம் ஆகிய எவையும் அப்படத்தில் இரா. அங்கு நிலையமே இருந்ததில்லை என்றே படத்தைப் பார்ப்பவர் கொள்வர்.

நிலையங்களை மட்டும் கேட்டாலோ, நாடெங்கும் புள்ளிகளே நிற்கும். கொழும்புக்கும் கண்டிக்குமிடையேகூடக் கோடு இராது. தேர்ந்த கணுக்களுக்கிடையேயுள்ள இணைப்புகள் யாவற்றையும் தானே சேர்க்குமாறு பணிக்கும் தெரிவும் அக்கருவியில் உண்டு. ஆனால் அது மூடிய பாதையையும் சேர்த்துவிடும். ஓடாத புகையிரதம் படத்திலே ஓடும். சரியான வழி, எல்லா நிலையங்களையும் ஒரு விதியாலும், இயங்கிய இணைப்புகளை மற்றொரு விதியாலும் வேறுவேறாகக் கேட்பதே. அப்பொழுது யாழ்ப்பாணம் கோடற்ற புள்ளியாகத் தனித்து நிற்கும். அவ்வாண்டின் உண்மை நிலை அதுவே.

இனி, யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் மாத்திரம் தேர்ந்தால், இடையே நேர் இணைப்பு இல்லாமையால் இரு புள்ளிகளே எஞ்சும். வடபாதை பிரியும் பொல்காவலைக்கு வந்து மலைநாட்டுப் பாதையில் ஏறும் வழி அத்தேர்வில் அகப்படாது. வழியைக் காண்பதற்கு, ஒரு கணுவிற் புறப்பட்டு இணைப்பு இணைப்பாகப் பின்தொடர வேண்டும்.

இது விளையாட்டான வினாவன்று. 2021 டிசெம்பரில் லொக்ஃபோர்ஜே என்னும் மென்பொருட் கூறொன்றில் பாரதூரமான பாதுகாப்புக் குறைபாடு வெளியாயிற்று. அக்கூற்றைத் தாம் பயன்படுத்தியதே அறியாத நிறுவனங்கள் பல. அவர்கள் எடுத்தாண்ட கூறு வேறொன்றைச் சார்ந்திருந்தது. அது இன்னொன்றைச் சார்ந்திருந்தது. அடியிலே லொக்ஃபோர்ஜே கிடந்தது. சார்பு வரைபில் சார்வதிலிருந்து சாரப்படுவதை நோக்கி அம்பு செல்லும். குறைபாடுள்ள கணுவை நேரே சுட்டும் அம்புகளை மட்டும் பொறுக்கினால் ஆபத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும். அம்புகளுக்கு எதிர்த்திசையில், எட்டும் மட்டும், ஏறிச்சென்று எடுப்பதே முறை. அவ்வாறு எதிர்த்திசையில் நடக்குமாறு ஜிவிபிஆர் கருவிக்குக் கட்டளையிடலாம்.

பிரித்தெடுத்த கோப்பை வரையும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இடங்களைக் கணினியே தீர்மானிக்க விட்டால், தனித்த புள்ளிகளை அது தன் கணக்குப்படி எங்கேனும் வைத்துவிடும். ஆதலால் ஒவ்வொரு நிலையத்தின் இடத்தையும் முதற்கோப்பிலேயே பண்பாக எழுதிவைத்து, அவ்விடங்களை மாற்றாது வரையுமாறு நீட்டோ என்னும் வரைகருவிக்குச் சொல்லிவிடுதல் நன்று. கோடுகள் இல்லாதபோதும் யாழ்ப்பாணம் வடக்கிலேயே நிற்கும்.