கணிப்பொறியில் சேவ்பாயிண்ட்

40 மாணவியரின் மதிப்பெண்களைப் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் ஒரே டிரான்சாக்‌ஷனாக, அதாவது ஒரே மூட்டையாகப் பதிகிறோம் என்று கொள்வோம். 100-க்கு மேல் ஏற்கக்கூடாது என்பது விதி. 31-ஆவது பெயருக்கு 120 என்று அடித்துவிட்டால்? மூட்டை முழுவதும் ரத்து; முந்திய 30-ம் வீண்!

2005-இல் வந்த 8.0 பதிப்பு இதற்கு வழிசெய்தது. ஒவ்வொரு பதிவுக்கும் முன் 'சேவ்பாயிண்ட்' என்று ஓர் அடையாளம் இட வேண்டும். பிழை நேர்ந்தால் 'ரோல்பேக் டு சேவ்பாயிண்ட்' என்ற கட்டளையால் அதுவரை மட்டும் பின்வாங்கலாம். ஸ்வெட்டர் பின்னுகையில் தவறினால் குறியிட்ட வரிசை வரை பிரிப்போமே, அதுபோலத்தான். அடையாளத்திற்குள் அடையாளமும் இடலாம். வெளியிலுள்ளதற்குத் திரும்பினால் உள்ளிருப்பது தானே மறையும்.

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். அடையாளம் இட்டதனால் எதுவும் நிலையாகப் பதிந்துவிடுவதில்லை. கடைசியில் 'கமிட்' கொடுக்குமுன் மின்சாரம் நின்று கணிப்பொறி அணைந்தால், 40-ம் போயிற்று!