கடைசி வீடும் தெளிவாகத் தெரிய

தோட்டத்து லயத்தைப் படமெடுத்து வைத்திருப்போர் நம்மில் பலர். எங்கள் வீட்டிலும் ஒரு படம் உண்டு. செராஸ் வட்டாரத்தில் நாங்கள் இருந்த தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறுமுன், லயத்தின் ஒரு முனையில் நின்று எடுத்தது. முதல் வீட்டுப் படியிலிருக்கும் பால் வாளி பளிச்சென்று தெரிகிறது. கடைசி வீட்டு வாசலில் நிற்கும் பாட்டியின் முகமோ மங்கிக் கிடக்கிறது. இன்று பாட்டியும் இல்லை, லயமும் இல்லை.

இது ஏன் நேர்ந்தது? கேமராவினுள் படச்சுருள் ஒரு சுவர்போல் நிற்கிறது. அதற்கு இணையாக எதிரே லென்ஸ். அப்போது தெளிவாக விழும் இடமும் இவ்விரண்டுக்கும் இணையாக, வெளியே நிறுத்திய கண்ணாடித் தகடுபோல் அமைகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை போகப்போக மங்கும். லயமோ அத்தகட்டை ஊடுருவிக்கொண்டு நீள்கிறது. பால்மர நிரையும் அப்படியே. 2017இல் செராஸ் வழியே ஓடத்தொடங்கிய எம்.ஆர்.டி. இரயிலின் தூண்வரிசையும் அப்படியே.

லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் தெளிவு ஓரளவு நீளும். ஆனால் வெளிச்சம் குறையும். அதிக நேரம் திறந்துவைக்க வேண்டும். பால்மரத்து நிழலில் இலை ஆடினாலும், ஆள் அசைந்தாலும் படம் கலங்கிவிடும்.

மற்றொரு வழி, லென்ஸைச் சற்றுச் சாய்ப்பது. 1901இல் பிரெஞ்சுக்காரர் ஜூல் கார்ப்பாந்தியே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1904இல் ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடோர் ஷைம்ப்ஃப்ளூக், வானிலிருந்து எடுத்த சாய்வான படங்களைச் சீர்செய்ய இதை வளர்த்தெடுத்தார். விதி அவர் பெயராலேயே வழங்குகிறது.

பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தில் மூன்று தாள்களை விரித்துப் பிடியுங்கள். ஒன்று படச்சுருள், ஒன்று லென்ஸ், ஒன்று நாம் எடுக்கும் காட்சி. மூன்றும் தைத்த ஓரத்தில் கூடுகின்றன அல்லவா? அவ்வாறே மூன்று தளங்களும் ஒரே கோட்டில் கூடுமாறு லென்ஸைச் சாய்த்தால், கண்ணாடித் தகடு திரும்பி லயத்தின் நீளத்திற்கே படிந்துகொள்ளும். லயம் இடப்பக்கம் இருந்தால் லென்ஸை இடப்பக்கம் திருப்ப வேண்டும். தரை தெளிய வேண்டுமானால் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். பெரும்பாலும் சில பாகைகளே போதும்.

பழைய துருத்திக் கேமராக்களில் இவ்வசதி இருந்தது. 1973இல் கெனோன் நிறுவனம் கையடக்கக் கேமராவுக்கு, சாய்க்கவும் நகர்த்தவும் கூடிய லென்ஸை வெளியிட்டது. இதற்கும் ஓர் எல்லை உண்டு: லயத்தை விட்டு விலகி, முற்றத்தில் நிற்கும் பிள்ளை மங்கிப்போகலாம்.

இத்தகைய லென்ஸ் விலை மிகுந்தது. நம் கையிலுள்ள கைப்பேசியிலோ லென்ஸ் மிகச் சிறியதாகையால், தெளிவின் நீளம் இயல்பாகவே அதிகம். பின்னணியை மங்கச்செய்யும் வசதியை நிறுத்திவிடுங்கள். முதல் வீட்டைத் தொடாமல், சற்று உள்ளே தள்ளித் தொட்டுப் படமெடுங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கி, கடைசியில் நிற்பவரின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், அவர் அங்கே நிற்கும்போதே மறுபடி எடுத்துவிடுங்கள்.