தேனீக்கள் வீடு தேடும் விதம்

திருக்குர்ஆனின் 16-வது அத்தியாயத்திற்கு ‘அந்நஹ்ல்’, அதாவது தேனீ என்று பெயர். மலைகளிலும், மரங்களிலும், மனிதர் கட்டுபவற்றிலும் வீடு அமைத்துக்கொள்ளுமாறு தேனீக்கு அல்லாஹ் வஹீ அறிவித்ததாக அதன் 68-வது வசனம் உரைக்கின்றது. நபிமார்களுக்கு அருளப்பட்ட வஹீ அன்று இது; உள்ளுணர்வாய்ப் பதிக்கப்பட்டது என்பர் விரிவுரையாளர். நாமோ தேனின் மருத்துவக் குணத்தைப் பேசுவதோடு நின்றுவிடுகின்றோம். அது அடுத்த வசனத்தில்தான் வருகின்றது. முதலில் வருவது வீடு.

மலைத்தேனீ செங்குத்துப் பாறையிலும், உயர்ந்த மரக்கிளையிலும், நகரங்களில் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒற்றை அடையைத் தொங்கவிடுவதை நம் ஊர்களிலேயே காணலாம். பொந்துத்தேனீ இருளை நாடிப் பல அடைகளை அடுக்குகின்றது. கொம்புத்தேனீக்குப் புதரின் ஒரு சிறு கிளை போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? இது ஐரோப்பியத் தேனீயிடம் நுட்பமாக ஆராயப்பட்டிருக்கின்றது. கூட்டம் பெருகியதும் பழைய ராணி ஆயிரக்கணக்கான தேனீக்களுடன் வெளியேறி, ஒரு கிளையில் கொத்தாகத் தங்குகின்றது. அத்தகைய கொத்தின்மேல் சில தேனீக்கள் ஆடுவதை 1949-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் மார்ட்டின் லிண்டவர் கண்டார். மலர்கள் இருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீ ஆட்டத்தால் அறிவிக்கின்றது என்பதை அவருடைய ஆசான் கார்ல் வான் ஃப்ரிஷ் முன்பே கண்டறிந்திருந்தார். ஆனால் இத்தேனீக்களின் உடலில் மகரந்தம் இல்லை. கரியும் செங்கற்பொடியும் படிந்திருந்தன. போரில் இடிந்த நகரத்தின் புகைபோக்கிகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் புகுந்து, வீடு பார்த்து வந்தவை அவை!

பின்னர் அமெரிக்காவில் தாமஸ் சீலி அவை விரும்பும் வீட்டின் அளவையே கண்டறிந்தார். கொள்ளளவு சுமார் 40 லிட்டர், வாயில் சிறியது, தரையிலிருந்து நல்ல உயரம். பொந்து சிறிதாயின் குளிர்காலத்துக்கு வேண்டிய தேன் கொள்ளாது. வாயில் பெரிதாயின் குளிரும் பகையும் நுழையும். நியூயார்க் மாநிலத்துக் காடுகளில் அவர் கண்ட புதிய குடிகளில் முதல் குளிர்காலத்தைத் தாண்டியவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. ஆகவேதான், இடம் பார்க்கச் செல்லும் தேனீ இருண்ட பொந்துக்குள் உள்ளும் புறமுமாக அரைமணி நேரம் நடந்து அளக்கின்றது.

நல்ல இடம் கண்ட தேனீ நெடுநேரம் ஆடும். சுமாரான இடம் கண்டது சிறிது ஆடி ஓயும். ஆட்டத்தைக் கண்ட மற்றொன்று அதை அப்படியே நம்பிவிடுவதில்லை. தானே பறந்து சென்று பார்த்து, மனம் ஒப்பினால்தான் ஆடுகின்றது. மஷூராவில் அமர்ந்து பழகியவர்கள் இங்கே சற்று நின்று கவனிக்கவேண்டும்: எவ்வளவு சிறந்த இடத்தைக் கண்ட தேனீயும் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் அடங்கிவிடுகின்றது. தன் கட்சி வெல்லும்வரை அது பிடிவாதம் செய்வதில்லை. மற்ற இடத்திற்காக ஆடும் தேனீயைத் தலையால் முட்டி நிறுத்தும் வழக்கமும் உண்டு. 2012-இல் இது வெளியிடப்பட்டது.

ஓர் இடத்தில் இருபது முப்பது தேனீக்கள் ஒருசேரக் கூடிவிட்டால் முடிவு ஆயிற்று. அவை திரும்பி வந்து, கொத்துக்குள் புகுந்து கீச்சொலி எழுப்புகின்றன. ஒவ்வொரு தேனீயும் பறக்கும் தசைகளை 35 டிகிரிவரை சூடேற்றிக்கொள்கின்றது. பின்பு கொத்து முழுவதும் ஒரு நிமிடத்தில் கலைந்து எழுகின்றது. வீட்டைப் பார்த்து வந்த சில நூறு தேனீக்கள் மேகம் போன்ற அக்கூட்டத்தினூடே அம்பெனப் பாய்ந்து திசை காட்டுகின்றன. இத்தேர்வில் எப்பங்கும் இல்லாத ராணியும் அவற்றோடு பறக்கின்றது.